சின்ன நாயும் பெரிய மனிதர்களும்

"மனுஷிக்குப் பிரசவம் பார்க்கவே ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துக் காத்துக் கிடக்கிறார்கள். நம்ம எழுத்தாளர் என்னடாவென்றால், ராத்திரி பூராவும் கண் விழித்து நாய்க்குப் பிரசவம் பார்த்தாராம்!"

இப்படி ஒரு பெரிய மனிதர் என்னைப் பரிகாசம் செய்தார். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற காலை ஆறு மணி பஸ்ஸில், எனக்குப் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்துகொண்டு, பஸ்ஸிலிருந்தவர்கள் எல்லோரும் கேட்கட்டும் என்கிற குரலில் சொன்னார். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருக்காரர். பென்ஷன் வாங்குகிறவர். நல்லவர்தான். நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அன்றைக்கு நான் எந்தக் காரியமாகத் திண்டிவனத்துக்குப் போகிறேன் என்று அவருக்குத் தெரியாது. சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பஸ் நின்றபோதுதான் சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் ஒவ்வொன்றாக எனக்குள் வந்தன. அதற்குள் அவர் பேச்சு விலைவாசிக்குப் போய்விட்டது. எழுதுகிறவனுக்கு இந்த ஒரு சௌகரியம் உண்டு. வாயில் வராத பதிலை அச்சில் சொல்லிக்கொள்ளலாம்.

முதலில் அந்த வராந்தா விஷயம். ஆஸ்பத்திரியில் பிள்ளைத்தாய்ச்சிக்குப் படுக்கை இல்லை என்றால் அது வெட்கக்கேடு. அதற்காகக் கூச்சல் போட வேண்டியதுதான். ஆனால் நான் நாயின் பக்கத்தில் விழித்திருந்ததனால் எந்தப் பெண்ணுடைய படுக்கையும் பறிபோய்விடவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன்: நாயைக் கண்டால் மனுஷியை நினைத்துக்கொள்கிற இந்தப் பரோபகாரிகள், மனுஷியைக் கண்டால் எதை நினைத்துக்கொள்கிறார்கள்? அந்த வராந்தாவில் இருப்பவளுக்கு ஒரு பாய் வாங்கிக் கொடுத்த கையை நான் இவர்களிடத்தில் பார்த்ததில்லை. ஒரு ஜீவனுக்குச் செய்யாமலிருப்பதற்கு இன்னொரு ஜீவனைச் சாக்குச் சொல்கிற சாமர்த்தியம் இது. வள்ளலார் பிறந்து, 1867-இல் வடலூரில் தருமசாலையும் வைத்த பழைய தென்னாற்காடு ஜில்லாவிலேதான் இதையும் பேசுகிறோம்.

இரண்டாவது கட்சி கொஞ்சம் பலமானது. "தெருநாய் குட்டி போடவில்லையா? அதற்கு எந்த டாக்டர் வந்தார்? இயற்கை பார்த்துக்கொள்ளும் ஐயா" என்கிறார்கள்.

இயற்கை பார்த்துக்கொள்ளும், நான் மறுக்கவில்லை. தெருநாய்க்கு இயற்கை அளந்து கொடுத்த இடுப்பு இருக்கிறது. குட்டி போட முடியாத நாய் செத்துப்போய், போட முடிந்த நாயின் வம்சம் மட்டுமே மிஞ்சி மிஞ்சி வந்த உடம்பு அது. கோம்பையும் சிப்பிப்பாறையும்கூட அப்படி உழைத்து வந்த உடம்புகள்தாம். ஆனால் என் வீட்டு மூலையில் அட்டைப் பெட்டிக்குள் படுத்திருந்த ஐந்து கிலோ பிராணியை எந்த இயற்கை உண்டாக்கிற்று? அதை உண்டாக்கியவன் மனிதன். இங்கிலாந்து மகாராணி விக்டோரியா 1888-இல் இத்தாலிக்குப் போனவள் பிளாரன்ஸ் நகரத்திலிருந்து சின்னதாக ஒரு பாமரேனியனை வாங்கி வந்தாள். ராணி மடியில் வைத்திருப்பதைத் தாங்களும் வைத்துக்கொள்ள ஊரே ஆசைப்பட்டது. அதற்கு முன்னே அந்த ஜாதி இன்றைய அளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு பெரிதாக இருந்தது. சின்னதோடு சின்னதைச் சேர்த்துச் சேர்த்து, மடிக்குள் அடங்குகிற மட்டும் குறுக்கினார்கள். நம்மூரில் பாமரேனியன் என்று சொல்லிக்கொள்வதில் பாதி அசல் பாமரேனியனே அல்ல, ஸ்பிட்ஸ் என்பார்கள். அது இருக்கட்டும், குறுக்கிய கதை ஒன்றுதான்.

'பக்' என்று ஒரு நாய். மூக்கு உள்ளே போய், நெற்றி சுருங்கி, கண் பிதுங்கி நிற்குமே, அதுதான். 2003-இல் ஒரு டெலிபோன் கம்பெனி விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே போயிற்று. அவ்வளவுதான், தேசம் பூராவும் அந்த நாய் வேண்டுமென்று பறந்தார்கள். கம்பெனியின் பெயர் பிறகு மாறியது. நாயின் பெயரும் நம் ஜனங்கள் வாயில் 'வோடபோன் நாய்' என்று ஆயிற்று. தலை பெரிசு, இடுப்பெலும்பு குறுகல். அந்தத் தலை இந்த இடுப்புக்குள் எப்படி வரும் என்று விளம்பரத்தைப் பார்த்தவர் யாராவது யோசித்தார்களா? இதன் ஒன்றுவிட்ட உறவான புல்டாக், பிரெஞ்சு புல்டாக் இரண்டிலும், பிரிட்டனில் 2010-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட பிரசவங்கள் வயிற்றைக் கீறித்தான் நடக்கின்றன. தானாகக் குட்டி போட முடியாத ஒரு ஜாதியை நாம் அழகுக்காக உண்டாக்கியிருக்கிறோம். உண்டாக்கிவிட்டு, "இயற்கை பார்த்துக்கொள்ளும்" என்று சொல்கிறோம். அடகு வைத்தவன் வேறு, மீட்க வேண்டியவன் வேறா?

என் வீட்டுக்குச் சிட்டு வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யோக்கியன் மாதிரி ஆகிவிடுவேன். திண்டிவனத்தில் எனக்கு ஒரு சிநேகிதர். பழைய வாசகர், என்னை விடாமல் 'சார்' போடுகிறவர். வீட்டுக் கொல்லையில் நாலைந்து கூண்டு வைத்து நாய் வளர்த்துக் குட்டி விற்றுக்கொண்டிருந்தார். நான் போகும்போதெல்லாம் அவர் வீட்டில் சாப்பிட்டு, கூண்டருகே நின்று, "அடடா, என்ன அழகு!" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். விலை போகாமல் மிஞ்சிய ஒரு பெண் குட்டியை, "எடுத்துக்குங்க சார், பணம் வேணாம்" என்று என் கையில் வைத்தார். அதுதான் சிட்டு. அந்தக் கூண்டுகளைப் பற்றி அன்றைக்கு எனக்கு ஒரு கேள்வியும் தோன்றவில்லை.

இரண்டு வயதில், நான் கேட்டைச் சாத்த மறந்த ஒரு சாயங்காலத்தில், தெருவில் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை அவளைப்போல் இரண்டு மடங்கு. அன்றிலிருந்து நாள் எண்ண ஆரம்பித்தேன். நாய்க்கு ஏறத்தாழ 63 நாள். நாலைந்து நாள் முன்னே பின்னே இருக்கும். 56-ஆம் நாள் அவளைத் தூக்கிக்கொண்டு, நாற்பது கிலோமீட்டர் போல இருக்கிற புதுச்சேரிக்குப் போய், கால்நடை டாக்டர் ஒருவரிடம் எக்ஸ்ரே எடுத்தேன். அதற்கு முந்தி எடுத்தால் குட்டிகளின் எலும்பு சரியாகத் தெரியாது, எண்ண முடியாது என்றார். மூன்று முதுகெலும்பு, மூன்று மண்டை. "மூன்று என்று தெரிந்துகொண்டீரே, அதுவே பாதிப் பிரசவம்" என்றார். இரண்டு வெளியே வந்தபிறகு தாய் ஓய்ந்து படுத்தால், முடிந்துவிட்டது என்று நாமும் தூங்கிவிடமாட்டோம் அல்லவா?

அந்த டாக்டர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில் முக்கால்வாசி, என்ன செய்யக் கூடாது என்பதுதான். கர்ப்பத்தில் சுண்ணாம்புச் சத்து டானிக் வாங்கி ஊற்றாதே. ஊற்றினால், எலும்பிலிருந்து அதை எடுத்துக்கொள்கிற பழக்கத்தை உடம்பு மறந்துவிடும், பால் கொடுக்கிற நேரத்தில் காலை வாரிவிடும். கையை உள்ளே விடாதே. இழுக்காதே. உறவுக்காரர்களைக் கூப்பிட்டு வேடிக்கை காட்டாதே. மிக முக்கியமாக, யார் எந்த ஊசியைக் கொண்டு வந்தாலும் போட விடாதே.

59-ஆம் நாள் வரைக்கும் ஜுரமானியில் 101 டிகிரி காட்டிக்கொண்டிருந்தவள், 60-ஆம் நாள் மத்தியானம் 98-க்கு இறங்கினாள். 99-க்குக் கீழே இறங்கினால் ஒரு நாளைக்குள் பிரசவம். சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியில் போட்டிருந்த என் பழைய வேஷ்டியைப் பிராண்டிப் பிராண்டிக் கந்தலாக்கினாள். மூச்சு வாங்கிற்று. நான் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போய், தடவிக் கொடுத்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு... என்னுடைய அன்பு அவளுக்குப் பெரிய உபத்திரவமாக இருந்திருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு ஆயா வந்தாள். ஆயுசு பூராவும் ஆடு வளர்த்தவள். வாசற்படியில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"இன்னாத்துக்குபா அதைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறே? வௌக்கைக் கொறைச்சுட்டு அந்தாண்ட போய்க் குந்து. அதுக்குத் தெரியும். தெரியலேன்னா அப்போ எழுந்து வா."

பிரசவம் பார்ப்பது என்கிற வித்தை முழுவதையும் இதற்கு மேல் யாரும் எனக்குச் சொல்லிவிடவில்லை.

இரண்டு மணி வாக்கில் முக்க ஆரம்பித்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். பலமாக முக்கி அரை மணி ஆகியும் ஒன்றும் வராவிட்டால் டாக்டர். ஒரு குட்டிக்கும் மறு குட்டிக்கும் நடுவே இரண்டு மணி தாண்டினால் டாக்டர். முதல் குட்டிக்கு முன்னாலேயே பச்சையாகத் தண்ணீர் கண்டால், கடிகாரமே பார்க்க வேண்டாம், உடனே டாக்டர். அந்தப் பச்சை, நஞ்சு கருப்பையிலிருந்து பிரிகிறது என்பதற்கு அடையாளம். உள்ளே குட்டிக்குக் காற்று நிற்கப் போகிறது என்று அர்த்தம். ஒரு குட்டி பிறந்த பிறகு அதே பச்சை வந்தால் பயமில்லை. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் எத்தனை நாய்கள் செத்திருக்கும்!

இருபதாவது நிமிஷம் முதல் குட்டி வந்தது, பின்னங்கால் முன்னே. எனக்குக் கை நடுங்கிற்று. "காலு வர்றதும் வழிதான், இழுக்காதே" என்றாள் ஆயா. நாய்க்கு இது சர்வ சாதாரணம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். இன்னும் இரண்டு முக்கு; குட்டி வந்துவிட்டது. சிட்டு தானே பனிக்குடத்தைக் கிழித்து, நக்கி, கொடியையும் கடித்தாள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது வரும்போது களைத்துப் போனாள். பை கிழியாமல் குட்டி உள்ளே கிடக்க, அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இப்போ எழுந்து வா" என்றாள் ஆயா.

நான் கிழித்தேன். மூக்கையும் வாயையும் துணியால் துடைத்தேன். தலையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, முதுகை வேஷ்டித் துண்டால் தேய்த்தேன், தேய்த்தேன், தேய்த்துக்கொண்டே இருந்தேன். காலைப் பிடித்துச் சுழற்றுகிறார்களே, அதைச் செய்யக் கூடாது, மூளை கலங்கிவிடும். எவ்வளவு நேரமோ தெரியாது. எலி மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கொதிநீரில் போட்டெடுத்த நூலால் வயிற்றுக்கு ஓர் அங்குலம் தள்ளிக் கொடியைக் கட்டி, வெட்டி, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, உடம்பு சூடானபிறகு மடியில் வாயை வைத்தேன். சீம்பாலைக் குடித்தது. ஆயா மூன்று நஞ்சும் விழுந்ததா என்று எண்ணிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கட்டும்" என்று எழுந்து போனாள். ஒரு வார்த்தை பாராட்டு எனக்கு இல்லை. நான் செய்த வேலை மொத்தம் பத்து நிமிஷம்தான் என்று அவளுக்குத் தெரியும்.

ஆபத்து அத்தோடு போய்விட்டது என்று நினைத்தேன். பதினெட்டாம் நாள் சிட்டு நடக்கும்போது கால் விறைத்தது; உடம்பு வெடவெடவென்று நடுங்கிற்று; நெருப்பாய்க் கொதித்தாள். சின்ன உடம்பு, மூன்று வாய். ரத்தத்திலிருந்த சுண்ணாம்புச் சத்தெல்லாம் பாலில் போய்விட்டது. வாடகைக் காரில் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டே, ரத்தக் குழாயில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். வேகமாக ஏற்றினால் இருதயம் நின்றுவிடுமாம். அரை மணியில் எழுந்து நின்று வாலை ஆட்டினாள். "சாயங்காலம் வந்திருந்தால் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்திருப்பீர்" என்றார் அவர்.

இனி, அந்தக் காலை பஸ் பிரயாணம். குட்டிகளுக்கு ஆறு வாரம் ஆகியிருந்த சமயம். முந்தின ராத்திரி ஒன்பது மணிக்குத் திண்டிவனத்துச் சிநேகிதர் டெலிபோனில் கூப்பிட்டார். அவருடைய வோடபோன் நாய்க்கு வலி கண்டு பச்சைத் தண்ணீர் வருகிறது, குட்டி வரவில்லை. "ஒன்றும் யோசிக்காதீர், தூக்கிக்கொண்டு புதுச்சேரிக்குப் போம்" என்று கத்தினேன். "ஆபரேஷன் அது இதுன்னு பில் போடுவாங்க சார். இங்கேயே ஊசி போடறவர் ஒருத்தர் இருக்காரு, சொல்லி அனுப்பியிருக்கேன்" என்றார்.

மாட்டுக்குப் பால் சுரக்க வைக்கத் திருட்டுத்தனமாகப் போடுகிறார்களே, ஆக்சிடோசின், அதே ஊசி. அதன் மேல் எனக்குப் பகையில்லை. சுரப்பியின் சாற்றுக்குக் கருப்பையைச் சுருக்குகிற சக்தி உண்டென்று ஹென்றி டேல் 1906-இல் கண்டு சொன்னார். 1953-இல் டு விக்னோ அதையே சோதனைச் சாலையில் செய்து, 1955-இல் நோபல் பரிசு வாங்கினார். எத்தனையோ தாய்மாரை ரத்தப் போக்கிலிருந்து காப்பாற்றிய மருந்து. ஆனால் அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: கருப்பையைச் சுருக்குவது. வழி திறந்திருக்கிறதா, குட்டியின் தலை இடுப்பில் மாட்டியிருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் டாக்டர். பார்த்து, அளந்து, துளி போடுவார். மாட்டியிருக்கிற குட்டியின் மேல் மாட்டு ஊசியைப் போட்டால் பை போகிற இடமில்லாமல் கிழியும். கிழிந்தது. இரண்டு தரம் போட்டிருக்கிறார் அந்தப் புண்ணியவான். விடியற்காலையில் நாய் செத்தது. உள்ளேயே இரண்டு குட்டியும்.

நான் போய்ச் சேர்ந்தபோது சிநேகிதர் திண்ணையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். உண்மையாகவே அழுதார். அதை நான் சந்தேகிக்கவில்லை. அழுதுகொண்டே, "ஆளுக்கு எட்டாயிரம் போயிருக்கும் சார், ரெண்டு குட்டியும்" என்றார். அதையும் நான் சந்தேகிக்கவில்லை. ஒரே நெஞ்சில் இரண்டும் இருந்தன. கொல்லையில் பார்த்தேன், மற்றக் கூண்டுகளில் மூன்று நாய்கள் எழுந்து நின்று வாலை ஆட்டின.

அந்த நாய்க்கு வயது மூன்று. இது நாலாவது ஈற்று. நாட்டில் சட்டம் இல்லையா? இருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் 1953-இல் ராஜ்ய சபையில் தனியாக ஒரு மசோதாவைக் கொண்டுவந்து போராடியதன் பலனாக, 1960-இல் மிருகவதைத் தடைச் சட்டம் வந்தது. 1962-இல் பிராணிகள் நல வாரியம் நம் சென்னையில்தான் ஆரம்பமாயிற்று. அந்தச் சட்டத்தின் கீழ், 2017-இல் நாய் வளர்த்து விற்பவர்களுக்கென்றே விதிகள் போட்டார்கள்: பதிவு செய்துகொள்ள வேண்டும், பதினெட்டு மாதத்துக்கு முன்னே பெண் நாயைச் சேர்க்கக் கூடாது, வருஷத்துக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. விதிகளில் குறையொன்றும் இல்லை. நான் அவற்றை எடுத்துச் சொன்னபோது சிநேகிதர், "அப்படியா சார்?" என்று வியப்போடு கேட்டுக்கொண்டார். என் கதைகளை அவர் எவ்வளவு சிரத்தையாகப் படிப்பாரோ அவ்வளவு சிரத்தையாக.

இவரை மட்டும் திட்டி என்ன பயன்? வாங்குகிறவன் இருக்கிறான், இவர் விற்கிறார். நாய்க்கு வளைகாப்பு நடத்தி, நெற்றியில் குங்குமம் இட்டு, ஐந்து வகைச் சாதம் வைத்துப் படம் எடுத்துப் போடுகிறார்கள். அவர்களைக் கேட்கிறேன்: ஜுரமானி வைத்துப் பார்த்தீர்களா? நடுராத்திரியில் எந்த டாக்டர் கதவைத் திறப்பார் என்று பகலிலேயே விசாரித்து வைத்தீர்களா? வண்டிக்குச் சொல்லி வைத்தீர்களா? வளையல் போட்டுக் கொஞ்சுகிறவரும், "நாய்தானே" என்று போர்த்திக்கொண்டு தூங்குகிறவரும் அந்த நாய்க்கு ஒன்றுதான். இரண்டு பேருக்கும் அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. மூன்று ராத்திரி விழிக்க முடியாதவர்கள், ஆபரேஷனுக்குப் பணம் எடுத்து வைக்க முடியாதவர்கள், கருத்தடை செய்துவிடட்டும். குட்டிகள் பால் மறந்ததும் சிட்டுவுக்கு நான் அதைத்தான் செய்தேன். "நல்ல வருமானத்தைக் கெடுத்துக்கிட்டீங்களே சார்" என்று திண்டிவனத்திலிருந்து டெலிபோன் வந்தது. பிறகு நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை.

சொல்ல விட்டுப்போயிற்று. அன்றைக்குத் திண்டிவனத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, என் பக்கத்து ஸீட்டுப் பெரிய மனிதர் என் கையைத் தொட்டு, குரலைத் தாழ்த்தி, "ஆமாம், குட்டி எத்தனை? ஒன்று எனக்குச் சொல்லி வையுங்கள். பேரன் ஒரு மாசமாக நச்சரிக்கிறான்" என்றார்.

"ஆண் ஒன்று, அது பக்கத்து வீட்டு ஆயாவுக்கு. பெண் இரண்டு இருக்கிறது" என்றேன்.

"பெண்ணா?" என்று யோசித்தார். "வேண்டாம் சார். அப்புறம் குட்டி போட்டுத் தொலைக்கும்."

இரண்டும் என் வீட்டில்தான் இருக்கின்றன.